மெஷின் ஓடுகிறது, ஆனால் ஆட முடியவில்லை: ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தின் மதிப்புரை

காசு போட்டு ஆடும் மெஷின்கள் உள்ள விளையாட்டுக்கூடங்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் விற்கிற நிறுவனங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே தாளைத்தான் நீட்டுகின்றன. மாதம் ஒரு முறை தடுப்புப் பராமரிப்பு, அழைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆள், கூலி ஒப்பந்தத்துக்குள், உதிரி பாகம் ஒப்பந்தத்துக்கு வெளியே. பல்பு, ரப்பர், டிக்கெட் கட்டு மாதிரியான தேய்பொருள்கள் எதிலும் சேராது. நான் மேற்பார்க்கும் கூடத்தில் இருப்பதும் அப்படிப்பட்ட ஒப்பந்தம்தான். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தெரிந்தும் பெரிய பயனில்லை. இதே தாள் வேறொரு முகவரியிலிருந்து உங்கள் மேசைக்கும் வரும். அதில் எந்த வரிக்கு மதிப்பு உண்டு, எது வெறும் அலங்காரம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாந்திர வருகை உண்மையிலேயே நடக்கிறது. தேதி தள்ளிப்போனால் முன்கூட்டியே சொல்கிறார்கள். கூடம் திறப்பதற்கு முன்பே வந்து, திறக்கும் நேரத்துக்குள் கருவிகளை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். இதற்கு முன் ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும்போதே மெஷினின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பழைய குழாய்த் திரை உள்ள பெட்டிகளில் படக்குழாயின் உயர் மின்னழுத்தப் பகுதி 20,000 வோல்ட்டைத் தாண்டும். மின்சாரத்தை அணைத்த பிறகும் அந்த மின்னேற்றம் உள்ளே தங்கியிருக்கலாம். அந்த ஒரு விஷயத்துக்காகவே இவர்களுக்கு மாறியது சரி என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு பெட்டியின் உலோகப் பாகங்களுக்கும் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று அளந்து, அளவை எழுதியும் தருகிறார்கள். நாணயக் கதவையும் இரும்புக் கைப்பிடியையும் வெறுங்காலோடு, வியர்த்த கையோடு பிடிக்கிறவர்கள் குழந்தைகள். இந்தத் தாள் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது.

அவர்கள் அனுப்புகிற மூத்த தொழில்நுட்பர் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடி வென்றதற்குப் பரிசாக டிக்கெட் தள்ளும் பெட்டியை அவர் சுத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சின்ன வெட்டு இருக்கும். ஒரு பக்கம் ஒளி உமிழும் டையோடு, எதிர்ப்பக்கம் அந்த ஒளியைப் பார்க்கும் சென்சார். வெட்டு கடக்கும்போது ஒளி தெரியும்; மெஷின் ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். காகிதத் தூள் அந்தக் கண்ணை மூடிவிட்டால் எண்ணிக்கை குழம்பிவிடும். பெட்டி நிறைய டிக்கெட் இருக்கும்போதே ‘டிக்கெட் தீர்ந்தது’ என்று விளக்கு எரியும். இல்லையென்றால் வரவேண்டிய பத்தில் ஏழு வந்து நின்றுவிடும். அந்த மூன்று டிக்கெட்டுக்காக ஒரு குழந்தை அழுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தத் தூளின் எடை தெரியும். மற்றவர்கள் காற்றுக் குழலை உள்ளே நுழைத்து ஊதுவார்கள். தூள் கண்ணிலிருந்து கிளம்பி உருளையின் அச்சில் போய் உட்காரும். இவர் மெல்லிய தூரிகையால் தூளை வெளிப்பக்கமாக இழுத்துவிட்டு, ஆல்கஹால் நனைத்த பஞ்சால் கண்ணைத் துடைத்து, உருளையின் ரப்பரை விரலால் அழுத்திப் பார்ப்பார். ரப்பர் பளபளப்பாகிவிட்டால் அது டிக்கெட்டைப் பிடிக்காமல் வழுக்கும். பிறகு ஒரு துண்டு டிக்கெட்டை ஓடவிட்டு, வந்ததைக் கையால் எண்ணுவார். திரை காட்டும் எண்ணை நம்ப மாட்டார்.

ஏர் ஹாக்கி மேசையிலும் இதே கவனம்தான். ஊதுவிசிறியின் வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டுவது, அடைத்த துளைகளை மெல்லிய கம்பியால் திறப்பது, நான்கு கால்களையும் மட்டம் பார்ப்பது. புகார் வந்து நாளாகிறது.

இனி அலங்கார வரிகளுக்கு வருகிறேன்.

‘24 மணி நேரத்துக்குள் ஆள்’ என்பது அவற்றில் முதலாவது. ஆள் வருகிறார், மறுக்கவில்லை. பெட்டியைத் திறக்கிறார், பார்க்கிறார், ‘போர்டு போயிருக்கிறது, ஆர்டர் போட வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். அவர்களுடைய மாதாந்திர அறிக்கையில் அந்த அழைப்பு ‘நேரத்துக்குள் கவனிக்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வருகிறது. மெஷின் மேல் நான் ஒட்டிய ‘பழுது’ அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆள் வந்த நேரமும் மெஷின் சரியான நேரமும் ஒன்றல்ல என்பது ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் முதலாவதை எழுதினார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு மெஷின் சராசரியாக 200 மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறை பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மணி நேரத்தில் சரியாகிவிட்டால் அது ஏறக்குறைய 99 சதவீத நேரம் ஆடக்கூடிய நிலையில் இருக்கும். அதே மெஷின், அதே பழுது, ஆனால் பாகம் வர 50 மணி நேரம் காத்திருந்தால் 80 சதவீதம். மெஷினின் தரம் கொஞ்சமும் மாறவில்லை. அலமாரியில் ஒரு பாகம் இருந்ததா இல்லையா என்பதுதான் இந்த இடைவெளி முழுவதும். எனவே ‘எவ்வளவு சீக்கிரம் வருவீர்கள்’ என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ‘வரும்போது பையில் என்ன கொண்டுவருவீர்கள்’ என்று கேட்கிறேன். மைக்ரோ சுவிட்ச், பொத்தான், ஃபியூஸ், டிக்கெட் சென்சார், ஓட்டுநர் மெஷின்களின் ஸ்டீயரிங் பெல்ட், பொதுவான அளவில் ஒரு பவர் சப்ளை. இவ்வளவும் கூடத்தின் அலமாரியிலேயே இருந்தால் சாதாரணப் பழுதுகளில் பெரும்பகுதி அன்றைக்கே தீரும். இந்த நிறுவனம் அப்படி ஓர் உதிரிபாகப் பெட்டியை வைக்கத் தயங்குகிறது. அவர்களுடைய பணம் என் அலமாரியில் முடங்கும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். கடைசியில் பெட்டியை நாங்களே வாங்கி வைத்தோம்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பாகத்தை மாற்றுகிறார்கள், காரணத்தைத் தேடுவதில்லை.

எங்களிடம் நின்றபடி ஆடும் பழைய சண்டை மெஷின் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் 1985-ல் வந்த ஜாமா இணைப்பு முறையில் ஓடுவது; 56 தொடுமுனைகள் கொண்ட ஒரே இணைப்பானில் மின்சாரம், படம், ஒலி, பொத்தான்கள் எல்லாம் போய்ச்சேரும். அதனால்தான் ஒரே பெட்டியில் வேறு வேறு விளையாட்டுப் போர்டுகளை மாற்ற முடிந்தது. அந்த மெஷின் ஆட்டத்தின் நடுவே தானாக அணைந்து மறுபடி தொடங்க ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும், மாலையில் கூட்டம் ஏறியதும் படுத்துவிடும். இளைஞர் ஒருவர் வந்தார், போர்டை மாற்றினார், கையெழுத்து வாங்கினார். கொஞ்ச நாளில் அதே கோளாறு. இன்னொருவர் வந்தார். பவர் சப்ளையில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சின்னத் திருகு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். மெஷின் ஓடியது. அறிக்கையில் ‘சரிசெய்யப்பட்டது’.

அடுத்த மாத வருகைக்கு மூத்தவர் வந்தபோது மல்டிமீட்டரை சப்ளையில் வைக்காமல் போர்டின் மேலேயே வைத்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தார்.

“மேடம், சப்ளையில் 5.2 இருக்கிறது. போர்டுக்கு வந்து சேர்வது 4.7 தான்” என்றார்.

அந்தக் காலத்துச் சில்லுகளில் பலவற்றுக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிதானம் போய்விடும். நடுவில் காணாமல் போன அரை வோல்ட் எங்கே என்று தேடினார். இணைப்பானின் தொடுமுனைகளில் இரண்டு கருகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. ஆக்சைடு படிந்த முனையில் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூட்டில் முனை இன்னும் கெடும். திருகை ஏற்றியவர் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். அதோடு பெட்டியின் பின்விசிறியில் தூசி கம்பளம் போல் படிந்து, சுற்றுவதையே நிறுத்தியிருந்தது. உள்ளே வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மின்பகு கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. மாலையில் மட்டும் ஏன் படுத்தது என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. இணைப்பானை மாற்றினார், விசிறியை மாற்றினார், திருகைப் பழைய இடத்துக்கே இறக்கினார். கழற்றி எடுத்துப்போன போர்டில் ஒரு குறையும் இல்லை.

ஒரே நிறுவனம், ஒரே சீருடை, ஒரே படிவம். யார் வருகிறார் என்பதைப் பொறுத்து சேவையின் தரம் இவ்வளவு மாறுகிறது என்றால், நான் வாங்குவது நிறுவனத்தின் சேவையையா, அந்த ஒரு மனிதரின் கையையா என்று தெரியவில்லை.

இன்னொன்று. அவர்களுடைய விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, குழாய்த் திரைகள் எல்லாவற்றையும் எல்சிடி திரைகளாக மாற்றிவிடலாம், பராமரிப்பு பாதியாகும் என்றார். மற்றப் பெட்டிகளுக்குச் சரி. பழைய துப்பாக்கி விளையாட்டையும் அதே பட்டியலில் போட்டிருந்தார். அந்தத் துப்பாக்கி, குழாயில் வரி வரியாக ஓடும் ஒளிப்புள்ளி எந்த நொடியில் தன் கண்ணில் படுகிறது என்பதை வைத்துத்தான் குறியைக் கணக்கிடுகிறது. எல்சிடியில் அப்படி ஓடும் புள்ளியே கிடையாது. திரையைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் வைத்து, துப்பாக்கியையும் மாற்றினால்தான் அது சுடும். விற்கிறவருக்கு இது தெரியாதது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. அவருக்குப் பட்டியல் எழுதிக்கொடுத்த தொழில்நுட்பப் பிரிவுக்கும் தெரியவில்லையே என்பதுதான் உறுத்துகிறது.

இப்போது ‘ஓடுகிறது’ என்ற நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். என் பெரிய மனத்தாங்கல் இங்கேதான்.

நடன மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கொனாமி நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த வகை. காலால் அம்புகளை மிதித்து ஆடுவது. ஒவ்வொரு அம்புப் பலகைக்கும் அடியில் நான்கு ஓரங்களிலும் ஒவ்வொரு சென்சார் இருக்கும். ஒன்று செத்துப்போனாலும் பலகையின் நடுவில் மிதித்தால் மற்ற மூன்றும் பதில் சொல்லிவிடும். தொழில்நுட்பர் குனிந்து உள்ளங்கையால் நடுவில் அழுத்துவார், திரையில் அம்பு ஒளிரும், ‘சரி’ என்று குறி போடுவார். வேகமாக ஆடுகிற பெண் பலகையின் நடுவை மிதிப்பதில்லை. நுனிக்காலால் ஓரத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள். அவளுக்கு அந்த மெஷின் பொய் சொல்கிறது. அவர்களுடைய அறிக்கையில் அது முழு மதிப்பெண் வாங்குகிறது. சோதனை முறையில் ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியாகப் பார்க்க வசதி இருக்கிறது. நான்கு ஓரங்களையும் தனியாக அழுத்திப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஓட்டுநர் மெஷின்களிலும் இதே கதை. ஒரு சிறுவன் வந்து, “ஆன்ட்டி, அந்தச் சிவப்புக் கார் இடது பக்கமே இழுக்கிறது” என்றான். அன்று காலையில்தான் அதற்குச் சரிபார்ப்புச் சீட்டு கிடைத்திருந்தது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்து, நடுநிலை ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. மெஷின் ஓடியது, படம் வந்தது, ஒலி வந்தது, கார் மட்டும் நேராகப் போகவில்லை. சோதனைப் பட்டியலில் ‘ஸ்டீயரிங் திரும்புகிறதா’ என்று ஒரு வரி இருக்கிறது. திரும்பத்தான் செய்தது.

பொம்மை பிடிக்கும் மெஷினைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அதில் கைவிரல்களை மூடுவது ஒரு மின்காந்தச் சுருள். அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கிறோம் என்பதுதான் பிடியின் பலம். கை தொங்கும் கயிறு இழை இழையாகப் பிரிகிறதா, எல்லைச் சுவிட்சுகள் சொன்ன இடத்தில் கையை நிறுத்துகின்றனவா என்று பார்ப்பதில் இவர்கள் குறை வைக்கவில்லை. ஆனால் போர்டை மாற்றினாலோ நினைவகத்தை அழித்தாலோ பிடியின் பலம், ஆட்ட நேரம் எல்லாம் தொழிற்சாலை அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. யாரும் முன்பு என்ன இருந்தது என்று எழுதி வைப்பதில்லை. சர்வீஸ் முடிந்த அன்று மாலை கை ஒரு பஞ்சு பொம்மையைக்கூடத் தூக்காமல் தடவிவிட்டுப் போகிறது. வாடிக்கையாளர் இதைப் பழுது என்று நினைப்பதில்லை, ஏமாற்று என்றுதான் நினைக்கிறார். என்னால் அவரைக் குறைசொல்லவும் முடியவில்லை. பெட்டியைத் திறக்கும் முன் அமைப்புப் பக்கத்தை ஒரு புகைப்படம் எடுத்தால் போதும் என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. மூத்தவர் எடுக்கிறார்.

பதிவேடு. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கட்டக்குறி (கியூஆர் கோடு) ஒட்டியிருக்கிறார்கள். கைபேசியில் அதைப் படம் பிடித்தால் அந்த மெஷினின் பக்கம் திறக்கும், புகாரைப் பதியலாம். வடிவம் அழகு. எங்கள் ஊழியர்கள் எல்லோரும் சிரமமில்லாமல் பயன்படுத்துகிறார்கள், அதற்கு ஒரு பாராட்டு. சிக்கல் ‘பழுது வகை’ என்ற பட்டியலில் இருக்கிறது. மின்சாரம், திரை, ஒலி, கட்டுப்பாடு, டிக்கெட், மற்றவை. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதை எதில் போடுவது? டிக்கெட் குறைவாக வருவது டிக்கெட் பழுதா, சென்சார் பழுதா? கடைசியில் பாதிக்கு மேல் ‘மற்றவை’யில் போய் விழுகின்றன. மாதக் கடைசியில் வண்ண வட்டப்படம் வருகிறது. அதில் பெரிய துண்டு ‘மற்றவை’. அதைப் பார்த்து யார் என்ன முடிவு எடுப்பது?

1972-ல் அடாரி நிறுவனத்தின் ‘பாங்’ மெஷினைச் சோதனைக்காக கலிஃபோர்னியாவில் சன்னிவேல் நகரத்து மதுக்கூடம் ஒன்றில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் மெஷின் வேலை செய்யவில்லை என்று புகார். அதை வடிவமைத்த அல் ஆல்கார்ன் நேரில் போய்த் திறந்து பார்த்தால், நாணயப் பெட்டி நிரம்பி வழிந்திருந்தது. உள்ளே காசு போக இடமில்லை, அவ்வளவுதான். இந்த நிறுவனத்தின் பட்டியலில் அதுவும் ‘மற்றவை’தான். இளைஞர் வந்திருந்தால் போர்டையும் மாற்றியிருப்பார்.

அதனால் நான் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறேன். மெஷினுக்கு ஒரு பக்கம். ஆடியவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுகிறோம். பிறகு என்ன கண்டுபிடித்தார்கள், எதை மாற்றினார்கள், எந்த நேரத்தில் நடந்தது. ஒரே மெஷினின் பக்கத்தில் ஒரே புகார் மறுபடி வந்தால் கண்ணிலேயே படும். சண்டை மெஷின் மாலையில் மட்டும் படுக்கிறது என்பதை மூத்தவருக்குக் காட்டியது அந்தப் பக்கம்தான், அவர்களுடைய கைபேசிப் பதிவேடு அல்ல. காலையில் கதவு திறக்கும் முன் எங்கள் ஊழியர் ஒருவர் எல்லா மெஷினிலும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கிறார். அது எந்த ஒப்பந்தத்திலும் கிடையாது, யாருக்கும் விற்கவும் முடியாது. தேர்ந்தெடுத்த ஊழியர் விளையாட்டில் கெட்டிக்காரியாக இருப்பது முக்கியம். சும்மா பொத்தானை அழுத்துகிறவர் தொழில்நுட்பரின் உள்ளங்கையைப் போலத்தான் ‘சரி’ என்று எழுதுவார்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்திருக்கிறது. விட்டுவிடப் போவதில்லை, பாதுகாப்பு விஷயத்தில் இவ்வளவு ஒழுங்கானவர்களை வேறெங்கும் பார்க்கவில்லை. சில மாற்றங்கள் கேட்டிருக்கிறேன். அறிக்கையில் ஆள் வந்த நேரத்தோடு மெஷின் ஆடும் நிலைக்கு வந்த நேரமும் வர வேண்டும், ஒப்புக்கொண்டார்கள். ஒரே பழுது 30 நாளுக்குள் திரும்பினால் அதைப் புது அழைப்பாகக் கணக்கிடக் கூடாது, காரணத்தை எழுத்தில் தர வேண்டும், முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். பெட்டியைத் திறக்கும் முன் அமைப்புகளைப் பதிவுசெய்ய வேண்டும். இதற்கு உடனே சரி என்றார்கள், செலவில்லாத வேலை. சோதனைப் பட்டியலை ஆடுபவர் பக்கத்திலிருந்து திருத்தி எழுத வேண்டும் என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பட்டியல், தலைமை அலுவலகத்தில்தான் மாற்ற முடியும் என்கிறார்கள்.

கூடத்தில் சொந்தமாக ஒரு தொழில்நுட்பர் இருப்பவர்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை. ஆண்டுக்கொரு எர்த் சோதனைக்கு மட்டும் வெளியாளை அழைத்தால் போதும். மெஷின்கள் எல்லாம் புதியவையாக, உற்பத்தியாளரின் உத்தரவாதத்துக்குள் இருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். என்னைப் போல் பழையதும் புதியதும் கலந்து வைத்திருப்பவர்கள் வாங்கலாம், ஆனால் மாதாந்திர வருகைக்கு யார் வருவார் என்பதைப் பெயரோடு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூத்தவர் வருகிற மாதங்களுக்கு நான்கரை.